கம்பெனி வெளிச்சத்தில் பூக்காத அவரை

ஓசூர் வட்டாரத்தில் நாட்டு அவரை வளர்ப்பதில் என்னை மிஞ்ச ஆளே கிடையாது. பச்சைப் பொய். என்னை மிஞ்ச ஆள் எதற்கு, பின்வீட்டு ஆடே போதும். அதற்காவது எது தழை, எது மொட்டு என்று தெரியும்.

எங்கள் வீடு ஜூஜுவாடிப் பக்கம், ஒரு கம்பெனியின் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி இருக்கிறது. கொல்லையில் ஒரு கட்டில் போடுகிற அளவுக்குத்தான் இடம். ஆடியில் அங்கே மாமியார் வீட்டு அவரை விதையைப் போட்டேன். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் அவர்கள் காலங்காலமாக எடுத்து வைத்துப் போடும் விதை. இந்த வருஷ மழையில் அங்கே கொடியெல்லாம் அழுகிவிட்டது. இனி என் கொடி காய்த்து, முற்றி, விதையானால்தான் அந்த அவரை உண்டு. ஆறாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் தலையில் இவ்வளவு பெரிய பொறுப்பு.

கொடி பந்தலை மூடிச் சுவர் ஏறியது. மார்கழியும் வந்தது. பூ மட்டும் இல்லை. ஷிப்ட் முடிந்து வந்தால் ஷூவைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்கு ஓடுவேன். சாப்பிடும்போதும் எழுந்து போய்ப் பார்ப்பேன்.

மாமியார் போன் செய்தார்.

"மாப்ள, பூ உட்டுச்சா?"

"கொத்துக் கொத்தா, அத்தை."

"ஒரு போட்டோ அனுப்புங்க."

தொரப்பள்ளியில் கூட்டாளி தோட்டத்துக்குப் போய், அவன் அவரையைப் படம் பிடித்து அனுப்பினேன். உடனே போன்.

"மாப்ள, நம்மளுது ஊதாப்பூ. இது வெள்ளையா இருக்குது. யாரு ஊட்டுப் பொண்ணு இது?"

"வெயில்ல வெளுத்துருச்சு, அத்தை."

"மார்கழிப் பனியிலயா?"

மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டார். வெறும் தழையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

கொடியைச் சுற்றிச் சுற்றி வந்தவர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குனிந்தார். அங்கே மட்டும் ஒரே ஒரு ஊதாக் கொத்து. கம்பெனிக் கம்பத்தில் விடிய விடிய எரியும் விளக்கின் வெளிச்சம் விழாத இடம் அது ஒன்றுதான். நாட்டு அவரை இருட்டு நீண்டால்தான் பூக்கும். எங்கள் கொல்லையிலோ ராத்திரியே கிடையாது.

"உங்களுக்கு லைட்டு போட்டா தூக்கம் வருதா? அதுக்கும் அப்படித்தான்," என்றாள் என் மனைவி.

"எனக்கு வரும்," என்றேன். அம்மாவும் மகளும் சேர்ந்து முறைத்தார்கள்.

அன்றே பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றைக் கொண்டுவந்தேன். யாருக்கோ மஞ்சள் நீராட்டு விழா. பொழுது சாய்ந்தால் கொடிமேல் இழுத்துக் கட்டுவது, விடிந்தால் அவிழ்ப்பது. நான் ஷிப்டில் இருந்தாலும் மனசு கயிற்றிலேயே இருக்கும். போன் செய்து, "கட்டியாச்சா?" என்பேன். "கட்டியாச்சு. நீங்க மெஷினைப் பாருங்க," என்பாள்.

பூவைக் காணாமல் பஸ் ஏறமாட்டேன் என்று மாமியார் இங்கேயே தங்கிவிட்டார். இன்று காலை சுவரோரம் ஒரு நுனியில் ஏதோ ஊதாவாகத் தெரிந்தது. அது துளிரா, மொட்டா என்று நான் மூக்கு உரசுகிற அளவுக்குக் கிட்டே போய்... இருங்கள், பொழுது சாய்ந்துவிட்டது, கொல்லையிலிருந்து மனைவி கூப்பிடுகிறாள்.

"ஏங்க! கம்பெனியில லைட்டு போட்டுட்டான். காத்துல ஃப்ளெக்ஸ் பிச்சுக்குச்சு. எங்கம்மா ஒண்டியா இழுத்துப் புடிச்சுக்கிட்டு நிக்குது. ஓடியாங்க!"