நாற்காலியில் நாலு நாள்

பிப்ரவரி 4 – படிவ நகல், எட்டு – 16.00
பிப்ரவரி 7 – பஸ், போக வர – 24.00
பிப்ரவரி 9 – பஸ், போக வர – 24.00
பிப்ரவரி 12 – பஸ், வழியில் அறுந்த செருப்பைத் தைத்தது – 44.00
பிப்ரவரி 16 – பதிவுத் தபால், மூன்று – 90.00
மார்ச் 6 – கையுறை, ஒரு ஜோடி – 60.00
மொத்தம் – 258.00

சம்பளம் இல்லாத ஒரு வேலையைத் தேடுவதற்கு என் தம்பி மகளுக்கு ஆன செலவு இது. அவள் நடந்த நடை இதில் சேரவில்லை.

அப்போது அவளுக்கு வயது பதினைந்து, பத்தாம் வகுப்பு. வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். ஒரு பதில் சொன்னால் அதிலிருந்து இரண்டு கேள்வி எடுப்பாள். என் தம்பி பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிறவன். அவன் மனைவி பல் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுப்பவள். நகராட்சிப் பதிவறையில் முப்பத்தெட்டு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நான் அவர்களோடு ஐந்தாம் மாடியில் இருக்கிறேன்.

எங்கள் கட்டடத்து லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிடும். மற்றவர்கள் அதைத் திட்டினார்கள். இவள் மட்டும் அது ஏன் எப்போதும் அதே இடத்தில் நிற்கிறது என்று கேட்டாள். காவலாளியைக் கேட்டாள், சங்கச் செயலாளரைக் கேட்டாள், பழுது பார்க்க வந்தவரை அவர் கீழே இறங்கித் தெருமுனை தாண்டும் வரை கேட்டாள். பன்னிரண்டு வயதிலேயே, தான் லிஃப்ட் வேலைக்குத்தான் போவேன் என்று அறிவித்துவிட்டாள்.

அதற்குப் பதினோராம் வகுப்பில் மின்பிரிவில் சேர வேண்டும். இருபது இடங்கள். சேர விரும்புகிறவர்கள் இயந்திரமோ மின்சாரமோ புழங்கும் ஓர் இடத்தில் பத்து நாள் வேலை பழகி, முதலாளியின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள சான்றிதழை மார்ச் 27-க்குள் கொடுக்க வேண்டும். இடத்தை மாணவரே தேடிக்கொள்ள வேண்டும். தன்னம்பிக்கை வளர்வதற்காக என்று சுற்றறிக்கையில் காரணம் போட்டிருந்தது.

பள்ளி கைவிட்டுவிடவில்லை. பதினொரு நிறுவனங்களின் முகவரிப் பட்டியல் ஒன்றைக் கொடுத்தது. இந்தப் பொறுப்பைக் கூடுதலாகச் சுமந்த பூகோள ஆசிரியைக்கு அந்தப் பட்டியல் முன்பிருந்தவரிடமிருந்து வந்தது. முன்பிருந்தவர் பட்டியலைத் தயாரித்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. முதல் முகவரியில் பெயிண்ட் கடை இருந்தது.

“அவங்க காலி பண்ணி ஒம்போது வருஷம் ஆச்சும்மா,” என்றார் கடைக்காரர். “வாராவாரம் உங்க ஸ்கூல்லேர்ந்து ஒரு புள்ள வருது. வந்தது வந்துட்ட, அரை லிட்டர் வெள்ளையாவது வாங்கிட்டுப் போயேன்.”

இரண்டாவது முகவரியில் பூட்டு. மூன்றாவது இடம் உண்மையிலேயே லிஃப்ட் கம்பெனி. கண்ணாடிக் கதவுக்குள் இருந்த பெண் படிவத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, மெயிலில் அனுப்பச் சொன்னாள். மெயில் போனது. இடம் இருந்தால் சொல்கிறோம் என்று அரை நிமிஷத்தில் பதில் வந்தது. இன்றுவரை சொல்லவில்லை.

அவள் வகுப்பில் ஒரு பையன் பிப்ரவரி 5 அன்றே பத்து நாளுக்கும் கையெழுத்து வாங்கிவிட்டான். அவன் மாமா செல்போன் கடை வைத்திருக்கிறார். மார்ச்சில் செய்யப்போகும் வேலைக்குப் பிப்ரவரியிலேயே “மிக நன்று” கிடைத்திருந்தது.

“அவனுக்கு மாமா இருக்காரு. எனக்கு யாரு இருக்கா?” என்று அவள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டாள்.

“நான் கூடப் பொறந்தவங்க இல்லாம பொறந்தது என் தப்பாடி?” என்றாள் அவள் அம்மா.

“டயர் கழட்டத் தெரிஞ்ச அப்பன் ஒருத்தன் இருக்கான்,” என்றான் தம்பி. “சிபாரிசுக்கு அவன் சுத்தமா ஆகமாட்டான்.”

அப்போதுதான் நான் கடிதம் எழுதித் தருவதாகச் சொன்னேன். எனக்குத் தெரிந்த முறைப்படி எழுதினேன். கடித எண், பொருள், பார்வை எல்லாம் போட்டேன். தங்கள் நிறுவனத்தில் நடைபெறும் பணிகளைப் பத்து நாள் நேரில் கண்டறிய இம்மாணவி வர இருப்பதால், இடமளிக்க இயலுமா என்பதைப் பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும் என்று முடித்து, கையெழுத்துக்குக் கீழே பதிவறைக் கண்காணிப்பாளர் (ஓய்வு), நகராட்சி என்று எழுதினேன்.

தம்பி மனைவி வாங்கிப் படித்துவிட்டு மகளிடம் சொன்னாள்: “உங்க பெரியப்பா எழுதினது வேலை கேக்குற லெட்டரா, வீட்ட இடிக்கிற நோட்டீஸா?”

மூன்று இடங்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இரண்டு இடங்கள் பதில் போடவில்லை. மூன்றாவது இடம் நேரிலேயே வந்துவிட்டது.

பிப்ரவரி 21, சனிக்கிழமை. ஐந்து மாடி ஏறிய மூச்சு வாங்கலோடு வாசலில் ஒரு மனிதர் நின்றார். கையில் ஒரு ஃபைல், பின்னால் கருவிப் பையோடு இரண்டு ஆட்கள். ஒற்றை ஷட்டர் வைத்து லிஃப்ட் பழுது பார்க்கும் பட்டறை முதலாளி.

“சார், லைசென்ஸ் புதுப்பிச்சாச்சு. ரசீது இதுல இருக்கு,” என்றார்.

“நல்லது,” என்றேன். எதற்குச் சொல்கிறார் என்று தெரியாவிட்டாலும், ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பவரைக் கண்டால் எனக்கு மதிப்பு உண்டு.

“உங்க லிஃப்ட் நிக்குதே சார். நான் இருக்கும்போது நீங்க படி ஏறலாமா?”

அந்த லிஃப்டுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் இரண்டு மணி நேரம் பத்து நிமிஷத்தில் சரிசெய்தார். காசு வாங்கவில்லை. வக்கீல் அத்தனை நேரமும் பக்கத்தில் நின்று இது எதற்கு, அது ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் ஒவ்வொரு பதிலையும் சாட்சி சொல்வதுபோல் யோசித்துச் சொன்னார்.

“பாப்பா ரொம்ப விவரம் சார்,” என்றார் என்னிடம், மெதுவாக.

“பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான். எதையும் விடமாட்டா.”

“புரியுது சார். மார்ச் ஒம்போதாம் தேதியே வரட்டும்.”

நல்ல கடிதத்துக்கு இன்னும் மரியாதை இருக்கிறது என்றுதான் அன்று நான் நினைத்தேன். நகராட்சி என்பதை அவர் படித்தார். (ஓய்வு) என்பதைப் படிக்கவில்லை. அது எனக்குத் தெரிய இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

மார்ச் 9 திங்கட்கிழமை புதிய கையுறையோடு போனாள். பட்டறையில் முதலாளியின் நாற்காலியைத் துடைத்து அதில் அவளை உட்காரவைத்தார்கள். இருந்த ஒரே மேசை மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினார்கள். தீயணைப்பு வாளிக்கு அன்று காலைதான் சிவப்புச் சாயம் பூசியிருந்தார்கள். நாலு தொழிலாளிகளும் தலைக்கவசம் போட்டிருந்தார்கள். ஒன்றில் விலைச்சீட்டு இன்னும் தொங்கியது. அவள் எழுந்தால் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நின்றார்கள். உட்கார்ந்தால் டீ வந்தது.

“இன்னிக்கு என்ன செஞ்ச?” என்று மாலையில் தம்பி கேட்டான்.

“டீ குடிச்சேன். ஆறு.”

“மகராசி! இருபத்தாறு வருஷமா நான் தேடுற வேலை அது.”

செவ்வாய் ஆறு, புதன் ஆறு. கையுறை உறையிலிருந்தே வெளியே வரவில்லை. வியாழக்கிழமை மூத்த மெக்கானிக் அவள் நாற்காலிப் பக்கம் குனிந்தார்.

“பாப்பா, ரிப்போர்ட்ல என் பேர மட்டும் போட்டுடாதம்மா. ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்தான் இருக்கு.”

அன்று மாலை அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“பெரியப்பா, அந்த லெட்டரோட காப்பி இருக்கா?”

இருந்தது. படித்தாள். நடந்ததைச் சொன்னாள். தம்பி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் கதவைத் திறந்து பார்த்தார்கள்.

“வாயத் திறக்காத,” என்றாள் அவள் அம்மா. “இன்னும் ஆறு நாள் டீயக் குடிச்சிட்டு முத்திரைய வாங்கிட்டு வா. சொன்னேன்னா வெளிய தள்ளிடுவான். எலெக்ட்ரிகலும் போச்சு, எல்லாமும் போச்சு.”

“பத்து நாளும் நாற்காலியில உக்காந்துட்டு வந்தா, எனக்கும் அந்த செல்போன் கடைப் பையனுக்கும் என்னம்மா வித்தியாசம்?”

“அவன் வீட்டுல தூங்கறான். நீ பஸ் ஏறிப் போய்த் தூங்கற,” என்றான் தம்பி.

மறுநாள் காலை அவள் சொன்ன விதத்தை மூத்த மெக்கானிக் பின்னால் எனக்கு விவரித்தார். முதல் டீ வந்ததும் அதை வாங்காமல் சொன்னாளாம்: “சார், எங்க பெரியப்பா ரிட்டயர் ஆகிப் பத்து வருஷம் ஆச்சு. நான் வெறும் ஸ்கூல் பொண்ணு.”

 முதலாளி விரல் மடக்கினார்.

“ஒரு லிஃப்ட ஓசியில ரிப்பேர் பண்ணினேன். நாலு ஹெல்மெட் வாங்கினேன். வாளிக்குப் பெயிண்ட் அடிச்சேன். ராத்திரி தூக்கம் வேற. ஏம்மா, இத மொத நாளே சொல்றதுக்கு என்ன?”

“எனக்கே நேத்துதான் சார் தெரியும். திட்டுங்க. ஆனா திட்டி முடிச்சதும் ஏதாவது வேலை குடுங்க.”

“மொதல்ல எந்திரி. அது என் நாற்காலி. நாலு நாளா நின்னுக்கிட்டே இருக்கேன், காலு மரத்துப்போச்சு.”

எழுந்தாள். அவர் உட்கார்ந்தார். மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, பழைய துணியும் மண்ணெண்ணெய் டப்பாவும் இருந்த மூலையைக் காட்டினார். அன்றைக்கு அவளுக்கு ஒரு டீகூடக் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது முழங்கை வரை கருப்பாக இருந்தாள். அதைக் கழுவ அவளுக்கு மனமே வரவில்லை.

மார்ச் 20 அன்று முதலாளி சான்றிதழ் எழுதினார். ஆறு நாள் என்று எழுதினார்.

“சார், பத்து நாள் வேணும்.”

“ஆறு நாள் வேலை செஞ்ச. நாலு நாள் உக்காந்த. உக்காந்தத வேலைன்னு எழுதி முத்திரை வச்சா, நாளைக்கு நெஜமாவே ஒரு ஆபீசர் வந்து கேப்பான். பாக்கி நாலு நாள் வந்து செய்யி, எழுதித் தரேன்.”

பூகோள ஆசிரியை ஆறைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். “பத்துன்னு போடச் சொல்லும்மா. யாரும்மா எண்ணப் போறா?” அதைச் செய்யாத ஒரே ஆளிடம் போய் இவள் மாட்டியிருக்கிறாள். மறுவாரம் தேர்வு தொடங்கியது. மார்ச் 27 கடந்துபோனது.

தேர்வு முடிந்து, ஏப்ரல் 6 முதல் 9 வரை மீதி நாலு நாளையும் செய்தாள். இந்த முறை முதலாளி ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாக எழுதியிருந்தார். “ஏப்ரல் 7: கதவு உருளை மாற்றினாள். ஒன்று தலைகீழ். திட்டியபின் சரி” என்று ஒரு வரி. பதினாலு நாள் தாமதமாகப் பள்ளியில் கொடுத்தாள். மே 18 அன்று பட்டியல் ஒட்டினார்கள். செல்போன் கடைப் பையன் மூன்றாவது. இவள் பெயர் இல்லை.

தலைமையாசிரியைக்கு ஒரு விண்ணப்பம் எழுதலாம் என்று நான் காகிதம் எடுத்தேன்.

“பெரியப்பா, தயவுசெஞ்சு நீங்க பேனாவக் கீழ வைங்க,” என்றாள்.

அவளே எழுதினாள். நாலு வரி. நாலு நாள் ஏன் உட்கார்ந்தேன், எப்போது ஈடுசெய்தேன், சான்றிதழ்கள் இரண்டும் இணைப்பு, பரிசீலிக்க வேண்டுகிறேன். பொருளும் இல்லை, பார்வையும் இல்லை. மே 20 அன்று நேரில் கொடுத்தாள்.

தலைமையாசிரியை அதைப் படித்துவிட்டுப் பட்டியலில் இருந்த இருபது பேரையும் இவளையும் ஜூன் 3 அன்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டாராம். எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: மூன்றாவது நாள் என்ன வேலை செய்தாய்? பத்து நாள் முழுச் சான்றிதழ் வைத்திருந்த ஏழு பேர் சுவரைப் பார்த்தார்களாம். பூகோள ஆசிரியை சொன்னது.

இவள் முறை வந்தது. “டீ குடிச்சேன் மேடம். அதுக்குப் பதிலா ஏப்ரல் எட்டாம் தேதி செஞ்சதச் சொல்லட்டுமா?” என்று கேட்டாளாம். நிறுத்து என்று சொல்லும் வரை சொன்னாளாம்.

எட்டு நாள் ஒன்றும் வரவில்லை. அவள் அம்மா நான் எழுதிய கடிதத்தையும் மகள் சொன்ன உண்மையையும் சேர்த்தே திட்டிக்கொண்டிருந்தாள். மின்பிரிவில் பதினேழாவது இடம், கட்டணத்தோடு வந்து சேரவும் என்ற பள்ளிக் கடிதம் ஜூன் 11, வியாழக்கிழமை வந்தது.