கம்பம்மெட்டுப் பயணக் கட்டுரை

அம்மா 2010 ஜனவரியில் இறந்தாள். சிறுநீரகம் இரண்டும் நின்றுபோய், தேனியில் ஒரு மருத்துவமனையில். பெயர் ஞானசெல்வி. உத்தமபாளையம் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் வீடு அனுமந்தன்பட்டியில். அப்பா லோயர் கேம்ப் மின் நிலையத்தில் ஷிப்ட் வேலை பார்த்தார். நான் ஒரே மகள். எந்திரவியல் படித்துவிட்டு ஓசூரில் வேலை செய்கிறேன்.

பள்ளி ஆண்டு மலருக்கு அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார்கள். நல்ல ஆசிரியை, பிள்ளைகளைப் படிக்க வைத்தார் என்று எழுதினால் போதும் என்றார்கள். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை.

துணைப்பாட வகுப்பை அம்மா பாடப்புத்தகத்தோடு முடிப்பதில்லை. காலாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒன்பதாம் வகுப்பில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்குவாள். துப்பறியும் கதை, நாடகம், வாழ்க்கை வரலாறு, அறிவியல் கதை, பயணக் கட்டுரை. எந்தச் சீட்டு வருகிறதோ அந்த வகையில் ஒரு புத்தகம் படிக்க வேண்டும். புத்தகங்களைக் கிளை நூலகத்தில் அவள் அட்டை, அப்பா அட்டை, என் அட்டை எல்லாவற்றிலும் எடுத்துப் பையில் சுமந்து பஸ்ஸில் கொண்டுபோவாள்.

படித்தபின் கதைச் சுருக்கம் எழுதக் கூடாது. அதே வகையில் சொந்தமாக ஒன்றை எழுத வேண்டும். துப்பறியும் கதை படித்தவர்கள் ஒருமுறை சத்துணவு முட்டை எங்கே குறைகிறது என்று கண்டுபிடித்து எழுதினார்கள். தலைமையாசிரியர் அதைப் படித்துவிட்டு, துப்பறியும் கதையை மட்டும் நிறுத்திவிடலாமே என்றார். அம்மா நிறுத்தவில்லை. நன்றாக வந்தவை வகுப்பறையின் குறுக்கே கட்டிய சணல் கயிற்றில், துணிக்குப் போடும் கிளிப்பில் தொங்கும். மார்க் கிடையாது. கயிற்றில் ஏறிவிட்டதா என்பதுதான் பிள்ளைகளுக்குக் கணக்கு.

பயணக் கட்டுரைக்கு மட்டும் ஒரு விதி உண்டு. அதுவரை போகாத இடத்துக்குப் போய்விட்டு வந்து எழுத வேண்டும். பக்கத்துத் தெருவானாலும் சரி. வீட்டில் உட்கார்ந்துகொண்டு வைகை அணையைப் பற்றிப் பாடநூலில் பார்த்து எழுதியவர்களால் வந்த விதி அது.

1998இல் அந்தச் சீட்டை எடுத்தவர்களில் ஒருத்தி மாரீஸ்வரி. அவளுக்குக் கொடுத்த பயணப் புத்தகத்தைப் பாதி படித்துவிட்டு, "டீச்சர், இவரு ஊரு ஊராச் சுத்துறாரே, வேலைக்கே போக மாட்டாரா?" என்று கேட்டிருக்கிறாள். அம்மா அதை வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாளாம். அப்பா சொன்னார். நான் அப்போது மதுரையில் கல்லூரி விடுதியில் இருந்தேன்.

மாரீஸ்வரி சுருளி அருவியைப் பற்றி எழுதிக் கொடுத்தாள். பிறந்ததிலிருந்து ஆடி அமாவாசைக்கு ஆடி அமாவாசை போய்க் குளித்துவிட்டு வரும் இடம். அம்மா அதைக் கயிற்றில் ஏற்றவில்லை. கீழே சிவப்பு மையில் எழுதினாள்: "இது உனக்குத் தெரிந்த இடம். புதிதாக ஓரிடத்துக்குப் போய்விட்டு வந்து எழுது."

மாரீஸ்வரியின் அம்மா மொக்கம்மாள் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவள். விடியுமுன் எங்கள் ஊரில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளாப் பக்கம் போய், இருட்டியபின் திரும்புவாள். அப்பா இல்லாத வீடு. மகள் போகாத இடங்களில் செலவில்லாமல் போகக்கூடியது அந்தத் தோட்டம் ஒன்றுதான். ஒரு சனிக்கிழமை அவளும் ஜீப்பில் ஏறினாள். இடமில்லை. மொக்கம்மாள் மடியில் உட்கார்ந்து போனாள்.

திரும்பும்போது மழை. இறக்கத்தில் ஒரு வளைவில் ஜீப் சறுக்கி உருண்டது. மாரீஸ்வரி அங்கேயே இறந்தாள். மொக்கம்மாளுக்கு இடது கை முறிந்தது. மற்றவர்கள் காயத்தோடு தப்பினார்கள்.

நான் படித்த படிப்பில், ஒன்று உடைந்தால் மூல காரணத்தைத் தேடச் சொல்லித் தருவார்கள். அளவுக்கு மேல் ஆட்கள், ஈரச் சாலை, தேய்ந்த டயர். போலீஸும் இவற்றைத்தான் எழுதியது. அம்மா இவற்றில் ஒன்றையும் ஏற்கவில்லை. அவளுக்குக் காரணம் அந்தச் சிவப்பு மை. அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் கயிற்றை அவிழ்த்தாள். புத்தகங்களை எல்லாப் பிள்ளைகளிடமிருந்தும் வாங்கி நூலகத்தில் திருப்பிக் கொடுத்தாள். பாடப்புத்தகத்தைத் திறந்து பாடம் எடுத்தாள். மணி அடித்ததும் மூடினாள்.

கருமாதி முடிந்து சில நாள் கழித்து மொக்கம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். கையைத் தூளியில் கட்டியிருந்தாள்.

"டீச்சர் இருக்காகளா?"

அம்மா வெளியே வந்தாள். "உக்காருங்க மொக்கம்மா."

"உக்கார வரல. எம் புள்ள கட்டுரை எழுதத்தான் மலைக்கு வந்துச்சு. அது கயித்துல தொங்கணும்."

அம்மா வாசல் நிலையிலேயே நின்றாள்.

"கயித்த அவுத்துட்டீகளாம்ல. கூடப் படிக்கிற பிள்ளைக சொன்னுச்சுக."

"இனிமே அதெல்லாம் வேணாம்னு..."

"ஓங்களுக்கு வேணாம். எனக்கு வேணும். சும்மா ஜீப்புல போனா, செத்தா அப்படின்னு ஆயிரக் கூடாது. ஒரு காரியமாத்தான போனா? நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. எனக்கு எழுத்துத் தெரியாது."

கை சேரும்வரை அவளுக்கு வேலை இல்லை. சாயங்காலங்களில் வந்து சொன்னாள். அம்மா எழுதிக்கொண்டாள். அவள் சொன்னதெல்லாம் வேலை. எந்தச் செடியில் எந்தக் காயை எடுக்க வேண்டும், காலில் ஏறும் அட்டைப்பூச்சிக்கு என்ன தடவ வேண்டும், கங்காணி எப்படி எடை போடுவான்.

"மாரி என்ன பேசுனா?" என்று அம்மா கேட்டாள்.

"எங்க பேசுனா? பாத்துக்கிட்டே வந்தா."

அதை வைத்துக்கொண்டு அம்மா ஒரு கட்டுரை எழுதினாள். வாசித்துக் காட்டினாள். பசுமை போர்த்த மலைமுகடு என்று தொடங்கியது.

"என்னது, போத்துனதா?"

"மலை பச்சையா இருக்கும்ல. அதச் சொன்னேன்."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்? அங்கன யாரு நிமிந்து மலையப் பாக்கா? காலடியப் பாக்கவே நேரம் பத்தாது." கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்தாள். "நீங்க அங்கன போயிருக்கீகளா டீச்சர்?"

"இல்ல."

"பொறவு எப்படி எழுதுறீக? போயிட்டு வந்து எழுதுங்க."

மொக்கம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. சிவப்பு மையில் இருந்தது அவளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அம்மா எழுந்து உள்ளே போனாள். முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"என்னைக்குப் போகலாம்?"

அப்பாவுக்குக் கோபம். "ஏய் செல்வி, ஒனக்கென்ன கிறுக்கா? மழைக் காலம். அந்த ரோட்டுல லாரியே தெணறும்."

"பிள்ளையப் போகச் சொன்னேன்ல."

அப்பா என்னைக் கூடப் போகச் சொன்னார்.

விபத்துக்குப் பிறகு கொஞ்ச நாள் ஜீப்பில் ஆள் குறைந்ததாம். நாங்கள் போன அன்று பழையபடி நிறைந்திருந்தது. கூலி மலைமேல்தான் இருந்தது. வேறு ஜீப், வேறு டிரைவர். எங்களைப் பின்னால் நடுவில் நெருக்கி உட்கார வைத்தார்கள்.

"டீச்சர், கால எம்மேலயே போட்டுக்கங்க. இங்கன யாருக்கும் சொந்தமாக் காலு கெடையாது" என்றாள் அக்கம்மாள் என்ற ஒருத்தி.

"ஏத்தா, வாயக் குடுக்காத. டீச்சர் பெஞ்சு மேல ஏத்திருவாக" என்றாள் இன்னொருத்தி.

"ஏத்தட்டும். பெஞ்சாவது ஆடாம நிக்கும்."

அம்மா சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நாளாகியிருந்தது. மொக்கம்மாள் சிரிக்கவில்லை. முன்சீட்டுக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மலை ஏறியதும் பேச்சு குறைந்தது. ஒரு வளைவு வந்தபோது சுத்தமாக நின்றுவிட்டது. இதுதான் இடம் என்று யாரும் கையைக் காட்டவில்லை. வெளிப்பக்கத் தடுப்புச் சுவர் இடிந்த இடத்தில் கல்லை அடுக்கி வைத்திருந்தார்கள். நான் சரிவைப் பார்த்தேன். அம்மா மொக்கம்மாளின் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோட்டம் எல்லையை ஒட்டியே இருந்தது. ஈரம், சேறு, செடிகளுக்கடியில் இருட்டு. மற்றவர்கள் வேலைக்கு இறங்கினார்கள். மொக்கம்மாள் எங்களைக் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

"இங்கனதான் சோறு தின்னா. இந்தக் கல்லுல உக்காந்துக்கிட்டா."

அம்மா அந்தக் கல்லருகே நின்றாள். உட்காரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேட்டா டீச்சர். இப்பத்தான் நெனப்பு வருது. இங்கன இருந்து நம்ம ஊரு தெரியுமாம்மான்னு கேட்டா. தெரியாதுன்னுட்டேன். நான் எங்க நின்னு பாத்தேன்? இத்தன வருசத்துல பாத்ததில்ல. அவ அந்தப் பாறைக்கு ஓடிப் போயிட்டு வந்து, தெரியுதும்மா, வா, வந்து பாருன்னு கையப் பிடிச்சு இழுத்தா. எடை போடுற நேரம். போடி அங்கிட்டு, நாளைக்குப் பாப்பம்னேன்."

அந்த 'நாளைக்கு' ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துக்கு விடுமுறை என்று அம்மா சொல்லவில்லை.

பாறைக்குப் போனோம். முன்னால் வெள்ளையாக மூடியிருந்தது. மேகமா பனியா என்று தெரியவில்லை. பாறை விளிம்புக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லாததுபோல் இருந்தது.

"தெரியுதா டீச்சர்?"

"இல்ல மொக்கம்மா."

"கொஞ்சம் நில்லுங்க. வெலகும்."

நின்றோம். மூன்று பேரும் நனைந்தோம். கீழே எங்கோ பள்ளத்தாக்கு இருந்தது; ஆறும் வாய்க்காலும் திராட்சைப் பந்தல்களும் இருந்தன. எங்கள் ஊரும் இருந்தது. எதுவும் தெரியவில்லை. ஜீப் ஹாரன் அடிக்கும்வரை விலகவே இல்லை.

"அவ பாத்தா" என்றாள் மொக்கம்மாள். தன்பாட்டுக்குச் சொன்னாள்.

அம்மா மறுநாள் எழுதினாள். இந்தமுறை முகடு இல்லை, போர்வை இல்லை. ஜீப்பில் கால் வைக்க இடமில்லாததையும், வளைவில் எல்லாரும் பேச்சை நிறுத்தியதையும், சோறு தின்ற கல்லையும் எழுதினாள். கடைசி வரிகள் எனக்கு மனப்பாடம்: "பாறையில் நின்றோம். மூட்டமாக இருந்தது. ஊர் தெரியவில்லை. மாரீஸ்வரி நின்றபோது தெரிந்திருக்கிறது. அவள் பார்த்ததை என்னால் எழுத முடியாது."

மொக்கம்மாள் கடைசிவரை கேட்டாள்.

"இது சரி" என்றாள். "இதப் போடுங்க."

"மேல மாரி பேர எழுதட்டுமா?"

"வேணாம். அவ எழுதலையே, பொய் எதுக்கு? ஓங்க பேரப் போடுங்க. நீங்கதான போயிட்டு வந்தீக."

அம்மா அந்த நாளைத் தாங்கிக்கொண்டது எப்படி என்று இன்றும் எனக்குத் தெரியாது. தன் பெயரை எழுதினாள். கயிற்றை மறுபடி கட்டினாள். ஆசிரியர் எழுதியது அந்தக் கயிற்றில் தொங்கியது அது ஒருமுறைதான். மொக்கம்மாள் பள்ளிக்கு வந்து, ஒரு பிள்ளையை வாசிக்கச் சொல்லி இன்னொரு தடவை கேட்டுவிட்டுப் போனாள்.

கயிறு கட்டியாகிவிட்டதால் புத்தகங்களும் திரும்பி வந்தன. ஓய்வு பெறும்வரை அம்மா சீட்டு குலுக்கினாள். பயணக் கட்டுரைச் சீட்டையும் எடுத்துப்போடவில்லை. ஆனால் அது வந்த பிள்ளைகளைத் தனியே அனுப்பியதில்லை. அவளே பஸ்ஸில் கூட்டிப்போனாள். ஆண்டிபட்டி நெசவுத் தெரு, லோயர் கேம்ப்பில் அப்பா வேலை பார்த்த இடம், சின்னமனூர் வாழைக்காய் மண்டி. இறங்கும்போது படிக்கட்டருகே நின்று தலையை எண்ணுவாள். ஏறும்போதும் எண்ணுவாள்.

"நாங்க என்ன ஆட்டுக்குட்டிகளா டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாளாம்.

"ஆமா. பேசாம ஏறு."

மலைக்கு மட்டும் யாரையும் கூட்டிப்போகவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் மழை பெய்தால் அவளுக்குச் சோறு இறங்காது. அப்பா தட்டை எடுத்து மூடி வைத்துவிடுவார்.

மொக்கம்மாள் கை சேர்ந்ததும் மறுபடி ஜீப் ஏறினாள். தெருவில் பார்த்தால் இரண்டு பேரும் நின்று பேசுவார்கள். ரேஷன் கடையில் என்ன போடுகிறான், அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்களா என்று. அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

கடைசி நாட்களில் அம்மாவுக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. டயாலிசிஸ் முடித்துப் படுத்திருந்தவள், ஒரு மதியம் என் கையைப் பிடித்தாள்.

"ஜீப்பு வந்துருச்சா?"

"எந்த ஜீப்பும்மா?" என்றேன். பதறிவிட்டாள். எழுந்திருக்கப் பார்த்தாள். நர்ஸ் ஓடி வந்தார்.

"வந்துருச்சும்மா" என்றேன்.

"எல்லாரும் எறங்கியாச்சா?"

"எறங்கியாச்சு."

"எண்ணிப் பாத்தியா?"

"எண்ணிட்டேன்."

கையை விட்டாள். மறுநாள் அதிகாலை போய்விட்டாள்.

மொக்கம்மாள் ஒரு வாரம் கழித்து, தோட்டத்துக்கு விடுமுறை நாளில், கேதம் கேட்க வந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது. அம்மாவின் படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"கடைசியா எதும் பேசுனாகளா தாயி?"

மறைக்கத் தோன்றவில்லை. சொன்னேன். ஜீப் வந்துவிட்டதா என்று கேட்டதையும், எல்லாரும் இறங்கியாயிற்று, எண்ணிவிட்டேன் என்று நான் சொன்னதையும்.

மொக்கம்மாள் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டாள்.

"நல்லவேள, ஒங்கிட்டக் கேட்டாக. எங்கிட்டக் கேட்டிருந்தா எனக்கு அந்தப் பொய் வந்திருக்காது."

கோபமில்லாமல்தான் சொன்னாள். பிறகு எழுந்தாள். மறுநாள் விடியுமுன் அவளுக்கு ஜீப் இருந்தது.