அர்த்தநாரி ஐயாவின் ஞாயிற்றுக்கிழமைகள்

ஏற்காடு ஒண்டிக்கடை நிறுத்தத்தில் நாகலூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கிய கண்டக்டர் நேராக என்னிடம் வந்தார். "ஏனுங்க, அர்த்தநாரி ஐயா தவறிட்டாருங்க. காலையில ஊட்டுக் கதவ ஒடச்சுத்தான் தெறந்தாங்க" என்றார். அவரைப் பார்க்கத்தான் நான் கிளம்பியிருந்தேன். போன மாதமே போயிருக்க வேண்டியது.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் ஏற்காட்டுக்கு வந்த மண் பாதுகாப்பு அதிகாரி அவர். நான் அதே அலுவலகத்தில் வரைபடம் போடுபவன். மலைச்சரிவுகளை அவர் நடந்து அளந்து வருவார்; நான் தாளில் ஏற்றுவேன். மனைவியும் மகனும் சேலத்தில் இருந்தார்கள். சனிக்கிழமை மாலை கடைசி பஸ்ஸில் மலை இறங்கிப் போய், திங்கள் காலை முதல் பஸ்ஸில் ஏறி வருவார். பேச்சு குறைவு. எந்தத் திட்டத்தைக் காட்டினாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "தண்ணி கடைசியா எங்க போய் உழுவுதுங்க?"

அந்தக் கேள்வியில் அவரே ஒருமுறை தவறினார். கொட்டச்சேடு கிராமத்துக்கு மேலே அவர் திட்டமிட்டு வெட்டிய வடிகால், ஓர் ஐப்பசி மழையில் உடைந்தது. கீழே வெள்ளையன் என்ற விவசாயியின் சாமை வயல், கல் வரப்புகளோடு பள்ளத்தில் போய்விட்டது. பெருமழையே காரணம் என்று அறிக்கை தயாரானது. நாங்கள் எல்லோரும் கையெழுத்திட்டோம். அவர் மட்டும் பேனாவை எடுக்கவில்லை. தனித் தாளில், "சரிவைத் தவறாகக் கணித்தவன் நான்" என்று எழுதிக் கொடுத்தார்.

அதோடு அவருடைய பதவி உயர்வு நின்றது. அதைவிட, எங்கள் பேச்சும் நின்றது. எங்களையெல்லாம் பொய்யர்களாக்கிவிட்டார் என்ற கோபம். மதியம் அவர் டிபன் கேரியரைத் திறந்தால் மற்றவர்கள் எழுந்து அடுத்த அறைக்குப் போவார்கள். நானும் போனேன். பல மாதங்கள் கழித்து, யாரும் இல்லாத நேரத்தில், மன்னிப்புப் போல ஏதோ முணுமுணுத்தேன். அவர் முகத்தை நிமிர்த்தாமலே, "உங்களுக்கு மூணு கொழந்தைங்க. நீங்க போட்ட கையெழுத்த நான் தப்புன்னு சொல்லலீங்க" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அந்த வருடம் முதல் அவர் சனிக்கிழமை பஸ்ஸில் ஏறுவது அபூர்வமாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டச்சேட்டுக்கு நடந்து போனார். முதல் வாரம் வெள்ளையன், "அளந்தது போதுமுங்க, போங்க" என்று திருப்பி அனுப்பினார். அடுத்த வாரமும் போனார். மூன்றாவது வாரம், பள்ளத்தில் கிடந்த கற்களைத் தாமே சுமந்து மேலே கொண்டுவந்து வரப்புக் கட்டத் தொடங்கினார். வெள்ளையன் வயலின் மறுமுனையில் தம் பாட்டுக்கு வேலை செய்தார். இரண்டு பேரும் ஒரு கோடை முழுவதும் ஒரு சொல் பேசவில்லை.

ஒரு திங்கட்கிழமை, காயம்பட்ட விரலோடு, என் மேசைக்கு அவராகவே வந்தார். "வெள்ளையன் நேத்துப் பேசுனாருங்க" என்றார்.

"என்ன சொன்னாருங்க?"

"'அந்தக் கல்லு நிக்காது, தலகீழா வெச்சிருக்கீங்க'ன்னாரு."

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஓய்வு பெற்ற பிறகும் நாகலூரில் ஓர் அறை எடுத்துத் தங்கிவிட்டார். தொண்ணூறுகளில் ஊராட்சித் தேர்தல் வந்தபோது அவரை நிற்கச் சொன்னவர் வெள்ளையன். "எனக்கென்னங்க தெரியும்?" என்று இவர் மறுத்திருக்கிறார். "தப்புப் பண்ணுனா நாந்தான்னு சொல்ற ஆளு ஒருத்தராச்சும் அங்க வேணுமுங்க" என்றாராம் வெள்ளையன். உறுப்பினரான பின், மழை பிடித்தால் குடையோடு தனியாகப் புறப்பட்டு, சாலையோரக் கால்வாய் எங்கே அடைத்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடப்பார். பஸ் ஜன்னலிலிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருமுறைகூட இறங்கி உடன் நடந்ததில்லை.

உடலைச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். கொட்டச்சேட்டிலிருந்து ஒரு கூட்டம் பஸ் பிடித்து வந்து, வாசலுக்கு வெளியிலேயே நின்றது. மகன் என்னிடம், "இவுங்கெல்லாம் யாருங்க?" என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் வாசலில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஞாயித்துக்கெழமை அங்கதான் போனாருங்களா? அம்மா சாகற வரைக்கும் கேட்டாங்க. வேலைன்னு மட்டுந்தான் சொல்லுவாரு. நாங்க வேற மாதிரி நெனச்சுட்டோமுங்க" என்றார்.

வாய்க்கரிசி போட நேரமானது. மகன் வாசலுக்குப் போனார். நரைத்துத் தளர்ந்திருந்த வெள்ளையனின் கையைப் பிடித்து, உறவினர் வரிசையை விலக்கி, முன்னால் அழைத்து வந்தார். பெரியவர் குனிந்து அரிசியை இட்டார். பிறகு, தூங்குகிறவரிடம் பேசுவது போல, "போயிட்டு வாங்க சாமி" என்றார்.

நானும் அதையே சொல்கிறேன், ஐயா. சற்றுத் தாமதமாக.