கஞ்சி மழை

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த மெரிலேண்ட்ஸில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி ஓர் அங்கிள் இருந்தார். செவ்வாய்க்கிழமைகளில் அவரைக் கண் கிளினிக்குக்குக் காரில் கூட்டிப்போவது நான்தான். பேச்சு எங்கே தொடங்கினாலும், இளவயதில் இலங்கைக் காட்டில் நாட்கூலிக்கு நின்ற ஹொலிவூட் படப்பிடிப்பில்தான் போய் முடியும்.

வெறும் தண்ணீரைப் பீய்ச்சினால் மழை கமராவில் சரியாகத் தெரியாதாம். அதனால் பால்மா கலப்பார்களாம். ஒருநாள் பால்மா தீர்ந்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் தலையில் கைவைத்து நிற்க, இவர் வேலையாட்களின் சோற்றுக் கிடாரத்தில் கஞ்சி காய்ச்சி, வடித்து, பீப்பாயில் ஊற்றிக் கொடுத்தார். மழை அந்தமாதிரி, அசல் மழையாகவே வந்தது. கதாநாயகியின் சட்டைதான் காய்ந்ததும் கஞ்சி போட்ட வேட்டியாக விறைத்து நின்றதாம்.

"அந்தப் படத்தில பெய்யிற மழை என்ர கஞ்சி, பிள்ளை," என்பார். படத்தின் முடிவில் ஓடும் பெயர்களில் அவர் பெயர் இல்லை. வீட்டில் மகனுக்குக் கேட்க நேரமில்லை. அவருக்கென்று இருந்த பெருமை அந்த ஒன்றுதான். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

அப்போது எங்கள் குசினிகளில் தமிழ் வானொலி நாள் முழுக்கப் பேசும். ஒரு ஞாயிறு பகல் அந்தப் படத்தைப் பற்றி நேயர்களைக் கதைக்கச் சொன்னார்கள். பக்கத்து லிட்கம்மில் ஒருத்தி இருந்தாள்; எதிலும் என்னைவிட ஒரு படி மேலே நிற்பவள். தன் தகப்பன் கதாநாயகனோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர் என்று லைனில் வந்து அளந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடி பாவி, உன் அப்பா சாப்பிட்டவர் என்றால் என் அப்பா மழையே பெய்வித்தவர்! போனை எடுத்தேன். கஞ்சிக் கதையைக் கிடாரத்தோடு தூக்கி என் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டேன். என் அப்பா ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். குடையில்லாமல் வாசல் தாண்டாதவர்.

அறிவிப்பாளர் பூரித்துப்போய் அடுத்த நேயரை அழைத்தார். அங்கிளின் குரல்.

"ஓம் தம்பி, இப்ப கதைச்ச பிள்ளை சொன்னது முழுக்க உண்மை. நானும் அங்க நிண்டனான். அவவின்ர அப்பாதான் கஞ்சி காய்ச்சினவர். நான் அடுப்புக்கு விறகு தள்ளினனான், அவ்வளவுதான்."

அவருடைய மருமகள் பிறகு சொன்னாள்: தன் கதையைச் சொல்லத்தான் அவர் லைனில் காத்திருந்தாராம். மகனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி வைத்தாராம்.

அடுத்த செவ்வாய் வழமைபோல வந்து காரில் ஏறினார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "இண்டைக்கு வெயில் கூட, என்ன?" என்றார். தப்பினேன் என்று நானும் வெயிலைப் பற்றியே கதைத்தேன். சீ, என்ன பிறவி நான்! அதன்பிறகு அந்தக் கதையை அவர் எடுக்கவே இல்லை.

இரண்டு வருடம் கழித்து அவருடைய செத்தவீட்டில் மகன் ஆங்கிலத்தில் பேசினான். அப்பா ஒரு ஹொலிவூட் படத்துக்கு விறகு தள்ளியவர் என்றான். சனம் மெல்லச் சிரித்தது. மழைக்குக் கஞ்சி காய்ச்சியவரின் மகளும் இங்கே வந்திருக்கிறார் என்று, நன்றியோடு என் பக்கம் கைகாட்டினான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டி திறந்துதான் இருந்தது. எழுந்து ஒரே ஒரு வசனம் சொல்லியிருக்கலாம்.

நான் கைகூப்பினேன்.