அம்மெரூட்டில் தனியே இறங்கினேன்

ஒஸ்லோவில் என் தங்கை வீடு வெஸ்ட்லியில், ஐந்தாம் இலக்க ரயில் பாதையின் கடைசி நிலையத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அங்கே தங்கையின் மகள் கீர்த்தனாவுடன் ரயில் ஏறினேன். ஒருவழிச் சீட்டு நாற்பது குரோனருக்கு மேல். இலங்கைக் காசில் ஆயிரத்தைத் தாண்டும். முருகன் கோயில் ஐந்தாவது நிலையமான அம்மெரூட்டில். பூமாலை கட்டுவதற்காக விடியவே கோயிலுக்குப் போய்விட்ட தங்கை என்னிடம் சொல்லியிருந்தாள்: "அண்ணை, அவளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. இண்டைக்கும் வராட்டி அவள் என்ரை பிள்ளை இல்லை."

வெளியே மாடிக் குடியிருப்புகள், மஞ்சளித்த பேர்ச் மரங்கள். கீர்த்தனா மடியில் பல்கலைக்கழகப் புத்தகம் விரித்திருந்தாள்.

"என்ன பிள்ளை படிக்கிறாய்?"

"பழைய இங்கிலாந்து, மாமா. தகவல் காலம்."

"தகவல் காலமோ? அப்பவும் ரயில் பிந்துதெண்டு அறிவிச்சவங்களோ?"

சிரித்துவிட்டாள். நோர்வேஜிய மொழியில் தகவலுக்கும் அறிவொளிக்கும் ஒரே சொல்லாம். அறிவொளிக் காலம் என்பதற்கு அவள் தவறானதை எடுத்துவிட்டாள். பிறகு கதையைச் சொன்னாள். அரசனின் தலையை வெட்டினார்கள். சில காலம் கழித்து மகன் திரும்பி வந்து முடி சூடினான். அரசின் தேவாலயத்துக்குப் போகாமல் தங்கள் பாட்டில் கூடித் தொழுதவர்களைச் சிறையில் போட்டார்கள். அந்தக் காலத்து அறிஞர் ஒருவர், மனம் ஒப்பாத வணக்கத்தைக் கடவுள் ஏற்கமாட்டார் என்று எழுதினாராம்.

"அந்த மனிசன் கடவுளை நம்பினவரோ?"

"ஓம் மாமா. நல்லா நம்பினவர்."

"நீ?"

"தெரியேல்லை. தெரியாமல் நிண்டு கும்பிட்டா பொய் மாதிரிக் கிடக்கு. அம்மாட்டைச் சொன்னா கத்துறா."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். தேவாரம் பாடாமல் தேநீர் குடித்ததில்லை. அவள் சொன்னது நெஞ்சில் குத்தியது. ஆனாலும் முருகனுக்கு முன்னால் ஒருத்தியைப் பொய்யாகக் கொண்டுபோய் நிறுத்த எனக்கும் மனம் வரவில்லை.

அம்மெரூட்டில் கதவு திறந்தது. எழும்பியவளிடம், "நீ இரு பிள்ளை," என்றேன்.

"அம்மா உங்களைத்தான் ஏசுவா."

"ஏசட்டும். என்ரை தங்கச்சிதானே."

கோயில் வாசல் முழுக்கத் தடித்த சப்பாத்துகள். உள்ளே கற்பூர வாசம் எங்கள் நல்லூர்க் கோயிலில் போலவே இருந்தது. தங்கை என் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"எங்கை அவள்?"

"நான்தான் வர வேண்டாமெண்டனான்."

முகத்தைத் திருப்பிக்கொண்டு அர்ச்சனைத் தட்டோடு முன்னே போனாள். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். அவள் தட்டை அவரிடம் நீட்டினாள்.

"கீர்த்தனா, ரோகிணி," என்றாள். "என்ரை மகள்."