மணிமொழியின் முப்பது வினாடி

நைனார்பாளையத்தில் களை வெட்ட ஆள் தேடுகிறவர்கள் முதலில் போய் நின்றது மணிமொழி வாசலில்தான். அப்படியொரு கை அவளுக்கு. மக்காச்சோளக் கொல்லையில் பத்துப் பெண்கள் வரிசை பிடித்து இறங்கினால், மற்றவர்கள் பாதி தூரம் வருவதற்குள் இவள் எதிர் வரப்பில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருப்பாள். அதோடு விட்டிருந்தால் வெறும் வேகக்காரி என்று சொல்லிவிட்டுப் போகலாம். துடைத்த கையோடு திரும்பி, பின்தங்கியவளின் வரிசையை எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு வருவாள். அந்தக் கொல்லைகளில் அதுதான் வழக்கம். முந்தினவள் பிந்தினவளுக்குக் கைகொடுக்க, எல்லோரும் ஒன்றாக வரப்பேறுவார்கள். கூலி எல்லோருக்கும் ஒன்றுதான், பெயர் மட்டும் வேகக்காரிக்கு. அந்தப் பெயர்மேல் மணிமொழிக்குக் கொள்ளை ஆசை. அதை மறைப்பானேன்.

களைக்கொல்லி மருந்து வந்ததும் களைவெட்டு வேலை கரைந்துபோனது. நல்லவேளை, அந்தச் சமயத்தில் சின்னசேலம் பக்கம் ஒரு ஷூ கம்பெனி வந்தது. முப்பத்திரண்டு வயதில் மணிமொழி முதன்முதலாகக் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டாள். போகும்போது தன்னோடு களை வெட்டிய காசியம்மாளையும் விடாமல் இழுத்துக்கொண்டு போனாள். காசியம்மாள் நாற்பதைத் தொட்டவள், புருஷன் இல்லாமல் இரண்டு பெண்களை வளர்க்கிறவள். கரும்பு வெட்டும்போது பட்ட வெட்டில் இடது ஆள்காட்டி விரல் மடங்காது. கம்பெனி பஸ்ஸில் அவள் ஒரு ஸ்டாப் முன்னாலேயே ஏறி, பக்கத்து சீட்டில் சாப்பாட்டுப் பையை வைத்து மணிமொழிக்கு இடம் பிடித்துவிடுவாள். பையை நகர்த்தச் சொல்லும் தைரியம் அந்த பஸ்ஸில் யாருக்கும் கிடையாது.

உள்ளே அவர்கள் பார்த்தது, ஷூவில் கயிறு கட்டுகிற இடத்துக்கு அடியில் வரும் நாக்கைத் தைக்கிற வேலை. அந்த வேலைக்கு மட்டும் வரிசையாக இருபது மெஷின், இருபது பெண்கள். பாதிப்பேர் இந்தப் பக்கத்து ஊர்க்காரிகள், கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் மூன்று பேர். மீதி எல்லாம் ஒடிசாவிலிருந்து ரயிலேறி வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கிற பெண்கள். வேலை சரியில்லை என்றால் அவர்களைக் கூட்டிவந்த ஏஜென்ட் மறுபடி ரயிலேற்றிவிடுவான். மணிமொழிக்கு அவர்கள் பாஷை தெரியாது, அவர்களுக்கு இவள் பாஷை தெரியாது. ஆனாலும் நூல் அறுந்தால் எப்படிக் கோப்பது என்று கையாலேயே சொல்லிக்கொடுத்தாள். ஒரு வருஷத்தில் அந்த வரிசையிலேயே வேகத்தில் பெரிய கை அவளுடையதுதான். அடுத்த மாதம் அவளுக்கு மஞ்சள் தொப்பி, அதாவது சூப்பர்வைசர் வேலை என்று மேனேஜரே சொல்லிவிட்டார். அவள் புருஷன் பாவாடை அன்றைக்கே டீக்கடையில் சொல்லி ஊர்முழுக்கப் பரப்பிவிட்டான்.

அப்படியிருக்கும்போதுதான் தமிழழகன் என்கிற சின்ன வயசு என்ஜினியர் கையில் ஸ்டாப்வாட்ச்சோடு வந்து அவள் மெஷின் பக்கத்தில் நின்றார். ஒரு பீஸ் தைக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க வந்தவர். காலை எட்டரை மணி. உடம்பு புதுசு, பாபினில் நூல் நிறைய, பார்க்க ஒரு ஆள். மணிமொழிக்குக் கொல்லை ஞாபகம் வந்துவிட்டது. பின்னியெடுத்தாள். பத்து பீஸ் பார்த்தார். பீஸுக்கு முப்பது வினாடி. அவர் புருவத்தைத் தூக்கியதைப் பார்த்து இவளுக்கு அன்று முழுக்கச் சோறு தண்ணி வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை போர்டில் எண் மாறியிருந்தது. மணிக்கு எண்பத்தைந்து என்றிருந்த டார்கெட் நூற்றுப்பத்து ஆகியிருந்தது. அவளுக்கு மட்டுமல்ல, இருபது பேருக்கும்.

பாத்ரூம் போக வேண்டிவருமே என்று பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். ஒடிசாப் பெண் ஒருத்தி தைத்துக்கொண்டே அழுதாள், கண்ணைத் துடைக்கக் கையை எடுக்கவில்லை. மடங்காத விரலை வைத்துக்கொண்டு காசியம்மாள் எண்பதைத் தாண்டவே திணறினாள். மூன்று வாரம் டார்கெட் தொடாதவர்களை நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. யாரும் மணிமொழியை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை மணிமொழி பஸ்ஸில் ஏறினபோது காசியம்மாள் பையைத் தன் மடியில் வைத்திருந்தாள். பக்கத்து சீட்டில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். மணிமொழி கம்பெனி வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனாள்.

அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். மறுநாளிலிருந்து தன் பீஸை முடித்துவிட்டுக் காசியம்மாள் தட்டிலிருந்து அள்ளியெடுத்துத் தன் மெஷினில் தைத்துக் கொடுத்தாள். கொல்லையில் செய்ததுதானே. ஆனால் கொல்லையில் கணக்கு வைக்கக் களைக்கொத்துக்குத் தெரியாது, இங்கே ஒவ்வொரு மெஷினிலும் எண்ணிக்கை ஓடுகிறது. இரண்டாம் நாள் காலை முதல் மணி முடிந்ததும் மேனேஜர் வந்து பார்த்தார். மணிமொழி மெஷினில் நூற்றுப்பதினெட்டு, காசியம்மாள் மெஷினில் எழுபத்திரண்டு. நூற்றுப்பதினெட்டே முடிகிறதே, இன்னும் ஏற்றலாம் போலிருக்கிறதே என்று அவர் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு போனார். கைகொடுக்கப் போய்க் கழுத்தை இறுக்கின கதையாயிற்று. தன் கையை நினைத்து அவள் வெட்கப்பட்டது வாழ்க்கையில் அன்றுதான்.

மறுநாள் காலையில் அவள் மெஷினில் உட்காரவில்லை. நேராக மேனேஜர் ரூமுக்குப் போனாள். தமிழழகனும் அங்கே இருந்தார். தையல் கோணி, திருப்பி அனுப்பப்பட்ட ஷூக்கள் மேஜைமேல் குவிந்து கிடந்தன. டார்கெட் ஏறியதிலிருந்து அதுவும் ஏறிக்கொண்டிருந்தது.

“சார், அன்னிக்கு நான் பவுசு காட்டிட்டேன்,” என்றாள். “ஆளு பாக்குறாங்கன்னு வெறி புடிச்சாப்ல தச்சேன். பத்து பீஸுக்கு வந்த கை நாள் பூரா வராது சார். கம்பெனி கேட்டு தொறந்ததுலேர்ந்து பஸ்ஸு ஏறுற வரைக்கும் என்னிய பாருங்க. தண்ணி குடிக்கிறது, பாத்ரூம் போறது, பாபின் மாத்துறது அல்லாத்தையும் எழுதுங்க.”

மேனேஜர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “நம்பர் கொறஞ்சா மஞ்சத் தொப்பி இல்லம்மா. யோசிச்சுக்க.”

“யோசிச்சிட்டுத்தான் வந்தேன் சார்.”

மேஜைமேல் கிடந்த ஷூக்களைக் காட்டித் தமிழழகனும் ஒருநாள் பார்த்துவிடலாம் என்றார். மேனேஜர் அரை மனசாகத் தலையாட்டினார்.

மறுநாள் கேட் திறந்ததிலிருந்து ஸ்டாப்வாட்ச் அவள் தோளுக்குப் பின்னாலேயே நின்றது. பக்கத்து மெஷினிலிருந்து காசியம்மாள், அந்த வாரத்தில் முதல்முறையாக வாயைத் திறந்து, மெதுவாகத் தைக்கும்படி கிசுகிசுத்தாள். மணிமொழி மாட்டேன் என்று தலையசைத்தாள். ஒரு பொய்யான வேகத்தைக் காட்டி வந்த வினையை இன்னொரு பொய்யைக் காட்டித் தீர்க்க அவளுக்கு இஷ்டமில்லை. உள்ளதை உள்ளபடி தைத்தாள். தாகம் எடுத்தபோது எழுந்து போய் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தாள். ஊசி முனை மழுங்கியபோது மாற்றினாள். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் இடுப்பு பிடித்துக்கொண்டது, கை தானாகவே தணிந்தது. நான்கு மணிக்கு ஒரு பீஸுக்கு நாற்பத்தைந்து வினாடி ஆனது. தமிழழகன் ஒன்றையும் விடாமல் எழுதினார். அந்தப் பையனுக்கும் கால் கடுத்திருக்கும்.

சாயங்காலம் கூட்டி வகுத்துப் பார்த்தபோது, வரிசையின் பெரிய கைக்கே மணிக்குத் தொண்ணூற்றொன்றுதான் வந்தது. பெரிய கைக்கு வருவதை இருபது பேர் தலையில் கட்ட முடியாது என்று தமிழழகன் மேனேஜரிடம் ஒற்றைக்காலில் நின்றார். இரண்டு நாள் கழித்துப் போர்டில் எண்பது என்று எழுதினார்கள். பழைய எண்பத்தைந்தைவிட ஐந்து குறைவு. அந்த எண்பத்தைந்தும் முன்னே யாரோ ஒருத்தியின் காலை எட்டரை மணிதான் போலிருக்கிறது.

மஞ்சள் தொப்பி பக்கத்து வரிசைப் பெண்ணுக்குப் போயிற்று. மேனேஜர் சொன்ன சொல் மாறாதவர். டீக்கடைக்குப் பதில் சொல்ல முடியாமல் பாவாடை ஒரு வாரம் சுற்றுவழியில் போய்வந்தான். மணிமொழிக்கும் வலிக்காமல் இல்லை. அந்தத் தொப்பியை வைத்துக்கொண்டு எப்படி நடப்பது என்றுகூட அவள் யோசித்து வைத்திருந்தாள்.

எண்பது எழுதின மறுநாள் காலை பஸ் வந்து நின்றது. நிற்பது பழகிப்போனதால் மணிமொழி ஏறினதும் கம்பியைத் தேடினாள். ஜன்னலோரத்தில் காசியம்மாள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து சீட்டில் பை இருந்தது. அவள் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“குந்து,” என்றாள். “நின்னுக்கினே வந்தா மத்தியானம் கை ஓடாது.”