தேர் திரும்பும் இடத்தில் என் இடது கை

எங்கள் மாதா கோயில் திருவிழாவில், வாய்க்கால் பாலத்தருகே தேர் திரும்பும்போது பேண்டு முழுக்க நின்றுவிடும். தேர் திரும்பி முடிக்கும்வரை இரண்டு குச்சிகளால் மாறி மாறி அடிக்கும் ஒரு சைடு டிரம் மட்டும் இடைவெளியில்லாமல் உருள வேண்டும். அதை வாசித்துவந்தவர் சிங்கப்பூர் போய்விட்டதால் போன வருடம் அந்த உருட்டல் எனக்கு வந்தது. அது நொண்டியது. பல வருடம் பெரிய டிரம்மின் இரைச்சலுக்குள் ஒளிந்திருந்த என் இடது கை அன்று தனியாக மாட்டிக்கொண்டது. யாரோ எடுத்த வீடியோவைக் கேட்டபோது எனக்கே காது கூசியது.

பேண்டு மாஸ்டர் என்னோடு பள்ளியில் படித்தவர். நேராகவே சொன்னார்: "இந்த வருஷம் திருப்பத்துல பெரிய டிரம்மே இருக்கட்டும். கோவிச்சுக்காதீங்க."

கோபித்துக்கொண்டேன். "திருவிழாவுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு, அதை எனக்குக் கொடுங்க. அப்பவும் நொண்டுச்சுன்னா நானே ஒதுங்கிக்கிறேன்" என்றேன்.

உருட்டல் நொண்டிய காரணம் எனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து இடது கையால் சாப்பிட்டதில்லை, யாருக்கும் எதையும் கொடுத்ததில்லை. நாற்பத்திரண்டு வருடம் சும்மா இருந்த கை, திருவிழாவன்று மட்டும் எப்படி உழைக்கும்? வேலைகளை அதனிடம் மாற்றினேன். பல் தேய்த்தேன், தோசை திருப்பினேன், கதவைப் பூட்டினேன். சாயங்காலம் அரிசி மூட்டையின் மேல் அடித்துப் பழகினேன். மூட்டையில் குச்சி தானாகத் துள்ளாது, மணிக்கட்டுதான் தூக்க வேண்டும். இரண்டு குச்சிகளும் ஒரே உயரம் எழுகின்றனவா என்று கண்ணாடியில் பார்த்தபடி, மெதுவாக, மிக மெதுவாக அடித்தேன்.

பழக்கம் அளவுக்கு மீறி ஒட்டிக்கொண்டது. ஒரு காலையில் மாமியாருக்கு இடது கையால் காபியை நீட்டிவிட்டேன். அவர் டம்ளரைத் தொடவே இல்லை.

"இடது கையால நீட்டுற காபி எனக்கு வேணாம். டிரம்மு அடிக்கிறதுக்காக மரியாதையையும் விட்டுடுவியா?"

எனக்கு வாய் நீளம். ஆனாலும் அன்று டம்ளரை வலது கைக்கு மாற்றிக் கொடுத்தேன்.

திருவிழா மாலை. பாலத்தருகே பேண்டு நின்றது. நான் தொடங்கினேன். பாதித் திருப்பத்தில் தேர்ச் சக்கரம் ஓரத்துச் சேற்றில் இறங்கிவிட்டது. கட்டை கொடுத்து நெம்பினார்கள். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம். தோள் எரிந்தது. உருட்டல் மட்டும் அறுபடவே இல்லை. எது வலது, எது இடது என்று எனக்கே பிரித்துக் கேட்க முடியவில்லை. சக்கரம் ஏறியதும் மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடக்கமாக இருப்பதுபோல் நடிக்கவும் தோன்றவில்லை.

மறுநாள் காலை காபி கொண்டுபோனேன். நீட்டிய பிறகுதான் எந்தக் கை என்று கவனித்தேன். சட்டென்று பின்னால் இழுத்தேன். அதற்குள் மாமியார் டம்ளரைப் பிடித்துவிட்டார்.

"இருக்கட்டும், குடு. நேத்து ஊரே நின்னு கேட்டது இந்தக் கையத்தானே."